விடுதிப் புள்ளிகளும் வீட்டுக் கணக்கும்



பள்ளிக்கூடத்தில் 34 ஆண்டுகள் பணியாற்றித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்த காலத்தில் நான் வெளியூர் சென்றதெல்லாம் விடைத்தாள் திருத்தும் முகாமுக்காகவோ, உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகவோதான். கைப்பணம் கொடுத்து விடுதியில் தங்கிய இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓய்வு பெற்ற பின் நிலைமை மாறியது. மகள் பெங்களூரில் இருக்கிறாள். மகன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறான். என் மனைவிக்குக் கோயில்களைக் காண வேண்டுமென்ற ஆவல் நெடுநாளாக உண்டு. ஆகவே ஆண்டுக்கு எட்டு, ஒன்பது இரவுகள் நாங்கள் இருவரும் விடுதிகளில் தங்க வேண்டியதாயிற்று.

அவ்வாறு தங்கச் செல்லும்போதெல்லாம் முன்கூடத்தில் நிற்கும் இளைஞர் தவறாமல் ஒன்றைக் கேட்பார்: "ஐயா, நீங்கள் எங்கள் உறுப்பினரா?" இல்லை என்றால், "சேர்ந்துகொள்ளுங்கள் ஐயா, கட்டணம் ஏதும் இல்லை, புள்ளிகள் சேரும்" என்பார். இலவசமாக வருவதை வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. இரண்டே ஆண்டுகளில் ஐந்து நிறுவனங்களில் உறுப்பினனாகிவிட்டேன். ஐந்து எண்கள், ஐந்து கடவுச்சொற்கள், ஐந்திலும் கொஞ்சம் கொஞ்சம் புள்ளிகள். எதிலும் ஓர் இரவு தங்குவதற்குப் போதிய புள்ளிகள் இல்லை. அதன் பிறகுதான், பள்ளிக் கால அட்டவணை தயாரிக்க உட்காருவதுபோலத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது நான் அறிந்துகொண்டதையும், அதற்குச் சற்று முன்பு நான் செய்த ஒரு பிழையையும் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முதலில், இத்திட்டம் என்பது யாது? ஒரே பெயரிலோ ஒரே நிறுவனத்தின் கீழோ பல ஊர்களில் நடைபெறும் விடுதிகளை விடுதித் தொடர் என்று சொல்லலாம். அத்தொடரைச் சேர்ந்த விடுதிகளிலேயே மீண்டும் மீண்டும் தங்குகிறவருக்கு, அவர் செலவிட்ட பணத்துக்கு ஏற்பப் புள்ளிகள் வழங்குவார்கள். புள்ளிகள் போதிய அளவு சேர்ந்தால், பணத்துக்குப் பதிலாக அவற்றைக் கொடுத்து ஓர் இரவு தங்கலாம். இது ஒரு பகுதி. மற்றொரு பகுதி, ஓர் ஆண்டில் எத்தனை இரவுகள் தங்கினார் என்பதைப் பொறுத்து உறுப்பினரை வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிப்படியாக உயர்த்துவது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. புள்ளி என்பது சேமிப்பைப் போன்றது. படி என்பது வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வைப்பதைப் போன்றது.

இவ்வழக்கம் தோன்றிய வரலாறு சுவையானது. அமெரிக்காவில் 1896ஆம் ஆண்டிலேயே ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்சன் என்ற நிறுவனம் பச்சை முத்திரைத் தாள்களை வெளியிடத் தொடங்கியது. கடைக்காரர் அவற்றை விலைக்கு வாங்கி, பொருள் வாங்க வருவோருக்கு இலவசமாகக் கொடுப்பார். மக்கள் அவற்றை ஏட்டில் ஒட்டிச் சேர்த்து, வீட்டுச் சாமான்களாக மாற்றிக்கொள்வார்கள். பின்னர் கணிப்பொறி வந்து, யார் எத்தனை முறை வந்தார் என்று கணக்கு வைப்பது எளிதாயிற்று. 1981ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ற விமான நிறுவனம், பறக்கும் தூரத்தைக் கணக்கிட்டுப் பரிசளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதைப் பின்பற்றி, 1983ஆம் ஆண்டில் ஹாலிடே இன் விடுதிகளும் மாரியட் விடுதிகளும் தத்தம் திட்டங்களைத் தொடங்கின. 1987ஆம் ஆண்டில் ஹில்டன் வந்து சேர்ந்தது. 2016ஆம் ஆண்டில் மாரியட் நிறுவனம் ஸ்டார்வுட் என்ற மற்றொரு பெரிய தொடரை விலைக்கு வாங்கிற்று. இரண்டின் திட்டங்களும் 2018இல் ஒன்றாக்கப்பட்டு, 2019இல் மாரியட் பான்வாய் என்று பெயர் பெற்றன. இன்று அதில் மட்டும் 20 கோடிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கின்றனர்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். இத்தனை கோடிப் பேருக்கு இலவசமாகப் படுக்கை கொடுத்தால் விடுதிக்காரருக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? இதற்கு விடை தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. இப்பெரிய நிறுவனங்களின் பெயரைத் தாங்கி நிற்கும் கட்டடங்களுள் பெரும்பாலானவை அந்நிறுவனங்களுக்குச் சொந்தமானவை அல்ல. கட்டடம் வேறொரு முதலாளியுடையது. பெயரும் நடைமுறையும் நிறுவனத்தினுடையவை. உறுப்பினர் ஒருவர் பணம் கொடுத்துத் தங்கினால், அக்கட்டணத்தில் ஒரு பங்கை விடுதி முதலாளி திட்டத்தின் பொதுநிதிக்குச் செலுத்துகிறார். உறுப்பினர் புள்ளிகளைக் கொடுத்துத் தங்கினால், அந்நிதியிலிருந்து விடுதி முதலாளிக்கு ஈடு வழங்கப்படுகிறது. வங்கிகளும் தங்கள் கடன் அட்டைகளின் வழியாகக் கொடுப்பதற்காகப் புள்ளிகளை மொத்தமாக விலைக்கு வாங்குகின்றன. ஆகவே, புள்ளி என்பது தானம் அன்று. நாம் கொடுக்கும் வாடகைக்குள் அதன் விலையும் ஒளிந்திருக்கிறது. அது தாமதமாகத் திரும்பக் கிடைக்கும் ஒரு தள்ளுபடியே. அதன் மதிப்பை நிர்ணயிப்பவரும் நாம் அல்லர். அதை வெளியிட்டவரே நிர்ணயிக்கிறார்.

இனிக் கணக்குக்கு வருவோம். நேயர்களில் விருப்பமுள்ளோர் ஒரு தாளை எடுத்துக்கொள்ளலாம்.

மாரியட், ஹில்டன், ஐ.எச்.ஜி. ஆகிய மூன்றிலும் பெரும்பாலான விடுதிகளில் ஓர் அமெரிக்க டாலர் வாடகைக்கு அடிப்படை உறுப்பினருக்கு 10 புள்ளிகள் கிடைக்கும். ஹயாத்தில் 5 புள்ளிகள்தாம். இதைக் கேட்டவுடன், "ஹயாத் பாதிதான் தருகிறது, அது வேண்டாம்" என்று முடிவு செய்துவிடக் கூடாது. 50 மதிப்பெண் தேர்வில் 40 வாங்கிய மாணவனையும், 100 மதிப்பெண் தேர்வில் 60 வாங்கிய மாணவனையும் நாம் எப்படி ஒப்பிடுவோம்? மொத்தம் எத்தனைக்கு என்று கேட்போம் அல்லவா? அதுபோலவே, ஓர் இரவுக்கு எத்தனை புள்ளிகள் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். ஹயாத்தில் சேரும் புள்ளிகள் குறைவானாலும், ஓர் இரவுக்குக் கேட்கும் புள்ளிகளும் பொதுவாகக் குறைவு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் இரவுக்கு வாடகை 4,500 ரூபாய் என்று கொள்வோம். கணக்கின் வசதிக்காக ஒரு டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாடகை 50 டாலர் ஆகிறது. டாலருக்கு 10 வீதம் 500 புள்ளிகள் கிடைக்கும். அதே அறையைப் புள்ளிகள் கொடுத்துப் பெற 7,500 புள்ளிகள் வேண்டும் என்று விடுதியின் பக்கத்தில் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 4,500 ரூபாயை 7,500ஆல் வகுத்தால் ஒரு புள்ளியின் மதிப்பு 60 காசு. ஆக, ஓர் இரவு தங்கியதற்குக் கிடைத்த 500 புள்ளிகளின் மதிப்பு 300 ரூபாய். ஓர் இரவு இலவசமாகப் பெற 15 இரவுகள் பணம் கொடுத்துத் தங்க வேண்டும். 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 6 ரூபாய் 65 காசு தள்ளுபடி என்று பொருள்.

இது கெட்ட தள்ளுபடி அன்று. ஆனால் இதன் அளவை நாம் மறக்கலாகாது. அதே ஊரில், கோயிலுக்கு அருகில், துப்புரவான உள்ளூர் விடுதி ஒன்றில் 1,800 ரூபாய்க்கு அறை கிடைக்குமானால், ஒரே இரவில் 2,700 ரூபாய் மிச்சமாகிறது. பெரிய விடுதியில் அத்தொகையைப் புள்ளிகளாகச் சேர்க்க ஒன்பது இரவுகள் தங்க வேண்டும். பெரிய விடுதியின் அமைதியும், மின்தூக்கியும், வயதானவர்கள் வழுக்கி விழாத குளியலறையும் நமக்கு வேண்டுமென்றால் அவற்றுக்காகத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம். புள்ளிகளுக்காகக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது, புள்ளியின் மதிப்பு நிலையானதா, மிதப்பதா என்பது. ஒரு காலத்தில் பெரும்பாலான நிறுவனங்கள், இன்ன வகுப்பு விடுதிக்கு இத்தனை புள்ளிகள் என்று பட்டியல் வெளியிட்டன. பள்ளிக் கட்டண விகிதம் போல அது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஹில்டன் 2017ஆம் ஆண்டில் அப்பட்டியலைக் கைவிட்டது; மாரியட் 2022ஆம் ஆண்டில் கைவிட்டது. இப்போது அவற்றில் வாடகை ஏறும் நாளில் புள்ளிகளும் ஏறுகின்றன. இன்று 7,500 என்று இருந்தது பொங்கல் விடுமுறையில் 12,000 ஆகலாம். யாரும் நமக்குக் கடிதம் எழுதிச் சொல்லப்போவதில்லை.

இதற்கு மாறாக, மதிப்பு நிலையாக உள்ள திட்டங்களும் உண்டு. பிரான்ஸ் நாட்டு அக்கோர் நிறுவனத்தில் 2,000 புள்ளிகளுக்கு 40 யூரோ கழிவு. நோவோடெல், ஐபிஸ் முதலியவை அந்நிறுவனத்தைச் சேர்ந்தவை. நம் நாட்டில், 1903ஆம் ஆண்டில் மும்பையில் திறக்கப்பட்ட தாஜ்மகால் ஹோட்டலை நடத்தும் நிறுவனம், 2022இல் தொடங்கப்பட்ட டாடா நியூ திட்டத்தோடு தன் சலுகைகளை இணைத்தது. அதில் சேரும் நியூ நாணயம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் மதிப்பு. அதை மளிகை, மருந்து முதலியவற்றுக்கும் செலவிடலாம். இத்தகைய திட்டங்களில் பெரிய இலாபம் அடித்துவிட முடியாது, ஏமாறுவதும் குறைவு. விலைப்பட்டியலை நாள்தோறும் பார்த்துச் சரியான நேரத்தில் புள்ளியைச் செலவிடும் பொறுமை உள்ளவர்களுக்கு மிதக்கும் திட்டம் ஏற்றது. என் போன்று எளிய கணக்கை விரும்புவோருக்கு நிலையான திட்டமே நிம்மதி.

மூன்றாவதாக, படிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன்.

மாரியட், ஹில்டன், ஹயாத், ஐ.எச்.ஜி. ஆகிய நான்கிலும் முதற்படிக்கு ஓராண்டில் 10 இரவுகள் போதும். அதற்கு மேல் படிகள் செங்குத்தாக உயர்கின்றன. மாரியட்டில் இரண்டாம் படிக்கு 25 இரவுகள், மூன்றாம் படிக்கு 50, நான்காம் படிக்கு 75. ஹயாத்தின் மேற்படிக்கு 60 இரவுகளும், ஐ.எச்.ஜி.யின் மேற்படிக்கு 70 இரவுகளும் வேண்டும். பல விடுதிகளில் காலை உணவு இலவசமாகக் கிடைப்பது போன்ற, வயிற்றுக்குத் தெரியும் நன்மை மாரியட்டில் 50 இரவுப் படியில்தான் வருகிறது. ஓராண்டில் 50 இரவுகள் தங்குபவர் யார்? அலுவலகப் பணத்தில் ஊர் ஊராகச் செல்பவர். வாடகை கம்பெனியுடையது; புள்ளி அவருடையது. இத்திட்டங்கள் முதன்முதலில் அவரை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டன. சொந்தச் செலவில், சொந்த காரியத்துக்காகச் செல்லும் நம் போன்றோர் அவருடைய ஏணியில் ஏற முயல்வது, மூன்றாம் வகுப்புப் பையன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிப்பதை ஒக்கும்.

இது அன்று எனக்குத் தெரியவில்லை. ஓராண்டு டிசம்பர் மாதத்தில் என் கணக்கில் ஒன்பது இரவுகள் சேர்ந்திருந்தன. இன்னும் ஒன்று சேர்ந்தால் முதற்படி. ஆண்டு முடிந்தால் கணக்கு மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். அந்நேரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் கூட்டம் ஒன்றுக்காக மதுரைக்குச் சென்றேன். மதுரைக்கு 18 கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிற்றூரில் என் அக்கா இருந்தார். மதுரைக்குப் போனால் அக்கா வீட்டில் தங்குவதே 40 ஆண்டு வழக்கம். அன்று கூட்டம் முடிந்து மாலையில் அக்காவைப் பார்க்கச் சென்றேன். முற்றத்தில் கயிற்றுக்கட்டிலை எடுத்துப் போட்டு, துவைத்த விரிப்பைப் போட்டு வைத்திருந்தார். எனக்குப் பிடிக்குமென்று அவரைக்காய்க் குழம்பு வைத்திருந்தார். உணவு உண்டு முடித்தபின், "நான் புறப்படுகிறேன் அக்கா, மதுரையில் அறை எடுத்திருக்கிறேன்" என்றேன்.

அக்கா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஏன் தம்பி, இங்கே உனக்கு ஏதாவது அசௌகரியமா?" என்று கேட்டார்.

புள்ளி, படி, பத்தாவது இரவு என்பவற்றையெல்லாம் 76 வயதுள்ள ஒருவருக்கு எப்படி விளக்குவது? காலையில் மதுரையில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். 34 ஆண்டுகள் மாணவர்களுக்குப் பொய் சொல்லாதே என்று போதித்த வாய் அது. அக்கா வாசல் வரை வந்து வழியனுப்பினார். கட்டில் அப்படியே கிடந்தது.

மதுரை விடுதியில் அன்றிரவு வாடகை 4,200 ரூபாய். மறுவாரமே, நான் முதற்படிக்கு உயர்த்தப்பட்டதாக வாழ்த்துச் செய்தி வந்தது. அதனால் எனக்குக் கிடைத்த நன்மை என்னவென்று பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தேன். புள்ளிகளில் நூற்றுக்குப் பத்து கூடுதல். நான் முன்பு சொன்ன கணக்கின்படி ஓர் இரவுக்கு 30 ரூபாய். ஆண்டுக்குப் பத்து இரவு தங்கினால் 300 ரூபாய். அறையைக் காலி செய்யச் சற்று நேரம் கூடுதலாகக் கேட்கலாம். அறை காலியாக இருந்தால் கொடுப்பார்கள். இதற்காக 4,200 ரூபாய் கொடுத்தேன். விடுதியின்மேல் எவ்விதக் குறையும் இல்லை. அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்தார்கள். கணக்கைத் தவறாகப் போட்டவன் நான்தான்.

அடுத்த பங்குனி மாதத்தில் அக்கா காலமானார். டிசம்பர் மாதத்து அந்த மாலைக்குப் பிறகு நான் அவரோடு ஓர் இரவும் தங்கவில்லை. இப்போது மதுரைக்குப் போனால் விடுதியில்தான் தங்குகிறேன். பத்து இரவுகள் சேர்வது இப்போது கடினமாக இல்லை.

நேயர்களே, இதை உங்கள் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. பரிசு என்று ஒன்றை முன்னால் நிறுத்தினால், படித்த மனிதனும் அதை எட்டிப்பிடிக்க எவ்வளவு தூரம் வழி விலகிப் போவான் என்பதை என் வாழ்விலிருந்தே எடுத்துக்காட்டவே சொன்னேன். நாம் ஊருக்குப் போவது ஒரு காரியத்துக்காக. அக்காரியம் முதலில், தங்குமிடம் அடுத்தபடி, புள்ளி அதற்கும் பின்னால். இவ்வரிசை மாறும்போது திட்டம் நமக்கு உழைப்பது நின்று, நாம் திட்டத்துக்கு உழைக்கத் தொடங்குகிறோம்.

அப்படியானால் இத்திட்டங்களில் சேரவே வேண்டாமா? அவ்வாறு நான் சொல்லவில்லை. சேர்வதற்குக் கட்டணம் இல்லாதபோது, எப்படியும் தங்கப்போகும் இடத்தில் கிடைக்கும் தள்ளுபடியை விட்டுவிடுவதும் சிக்கனம் ஆகாது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

கடந்த இரண்டு ஆண்டுகளில் சொந்தச் செலவில் எந்தெந்த ஊரில் எத்தனை இரவுகள் தங்கினீர்கள் என்று முதலில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு போக நினைக்கும் ஊர்களை அதன் கீழே எழுதுங்கள். ஒவ்வோர் ஊரின் எதிரிலும், நீங்கள் போகும் காரியம் நடக்கும் இடத்துக்கு அருகில் எந்தத் தொடரின் விடுதி இருக்கிறது என்று குறியுங்கள். ஆஸ்பத்திரிக்கோ, மகள் வீட்டுக்கோ, கோயிலுக்கோ அருகில் என்று பொருள். ஊரின் மறுகோடியில் விமான நிலையச் சாலையில் இருப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எந்தப் பெயர் அதிக முறை வருகிறதோ, உங்களுக்கு ஏற்ற திட்டம் அதுவே. எந்தப் பெயரும் இரண்டு முறைக்கு மேல் வரவில்லையானால், உங்களுக்கு எத்திட்டமும் பெரும் பயன் தராது. விலையைப் பார்த்துத் தங்குங்கள். மனம் நிம்மதியாக இருக்கும்.

தேர்ந்தெடுத்த பின் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

இடைத்தரகர் இணையதளங்களின் வழியாக அறை எடுத்தால் பொதுவாகப் புள்ளிகள் கிடைப்பதில்லை. அவ்விரவு படிக் கணக்கிலும் சேர்வதில்லை. விடுதியின் சொந்த இணையதளத்தில் உறுப்பினருக்கென்று சற்றுக் குறைந்த வாடகையும் இருக்கலாம். இரண்டு விலைகளையும் ஒப்பிடுங்கள். இடைத்தரகரிடம் 200 ரூபாய் குறைவு, புள்ளியின் மதிப்போ 300 ரூபாய் என்றால் நேரடியாக எடுங்கள். இடைத்தரகரிடம் 700 ரூபாய் குறைவு என்றால் புள்ளியை மறந்துவிடுங்கள்.

புள்ளிகளுக்கு ஆயுள் உண்டு. மாரியட், ஹில்டன், ஹயாத் ஆகியவற்றில் 24 மாதங்கள் கணக்கில் எவ்வித வரவு செலவும் இல்லையென்றால் புள்ளிகள் காலாவதியாகும். ஐ.எச்.ஜி.யின் அடிப்படை உறுப்பினருக்கு இக்கெடு 12 மாதங்கள்தாம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஊருக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்தே சேர வேண்டும். நாள்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

குடும்பத் திருமணம் போன்ற சமயங்களில் உறவினருக்கும் சேர்த்து ஒருவரே அறை எடுப்பது நம் வழக்கம். மாரியட்டில் உறுப்பினர் தாமும் ஓர் அறையில் தங்கி, மூன்று அறைகள் வரை தாமே பணம் செலுத்தினால், மூன்றுக்கும் புள்ளிகள் அவருக்குக் கிடைக்கும். புறப்படும் முன் உறுப்பினர் எண் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே விடுதியில் பல நாட்கள் தங்கும் பயணத்துக்குப் புள்ளிகளைச் சேர்த்து வைப்பதிலும் ஒரு நன்மை உண்டு. மாரியட்டில் தொடர்ந்து ஐந்து இரவுகளைப் புள்ளிகளால் பெற்றால், நான்கு இரவுகளுக்குரிய புள்ளிகள் கொடுத்தால் போதும். வெளிநாட்டில் பிள்ளைகளைப் பார்க்கச் செல்வோருக்கு இது பயன்படும். ஆனால் அமெரிக்கச் சுற்றுலாத் தலங்களில் வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணம் என்று ஒன்று வாங்குகிறார்கள். முழுதும் புள்ளிகளால் தங்கும் இரவுக்கு ஹில்டனும் ஹயாத்தும் அதை வாங்குவதில்லை. மாரியட் விடுதிகளில் அதைச் செலுத்த வேண்டியிருக்கும். இலவச இரவு என்று எண்ணிப் போய், கடைசி நாளில் சீட்டைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

கடன் அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுதியின் பெயர் தாங்கிய அட்டைகள் நம் நாட்டிலும் வந்துவிட்டன. மாரியட்டின் அட்டை 2023ஆம் ஆண்டில் வந்தது. மாதந்தோறும் பாக்கியில்லாமல் முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு அவை உதவலாம். பல அட்டைகளில் பாக்கிக்கு மாத வட்டி நூற்றுக்கு மூன்றுக்கு மேல். நூற்றுக்கு ஆறு ரூபாய் தள்ளுபடியை இரண்டு மாத வட்டி விழுங்கிவிடும். ஓய்வூதியத்தில் வாழ்வோர் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

கடைசியாக, சேர்ந்த புள்ளிகளைச் செலவிடுங்கள். விதைநெல்லைப் போலப் பத்திரப்படுத்தி வைத்தால் அது முளைக்காது. மதிப்பு குறையத்தான் செய்யும். வட்டி தராத, காப்புறுதி இல்லாத, விதியை ஒருதலையாக மாற்றக்கூடிய வங்கியில் எவரும் முதுமைச் சேமிப்பைப் போட்டு வைக்க மாட்டார்கள். ஓர் இரவுக்குப் போதுமான புள்ளிகள் சேர்ந்ததும், அடுத்த பயணத்திலேயே அவற்றைப் பயன்படுத்திவிடுவது நலம்.

நாங்கள் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். என் தாளில் மகள் இருக்கும் பெங்களூரே அதிக முறை வந்தது. அவள் வீட்டில் ஒரே படுக்கையறை. ஆகவே அருகில் தங்குகிறோம். நடந்து செல்லும் தூரத்தில் எந்தத் தொடரின் விடுதி இருந்ததோ, அத்திட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். மற்ற நான்கின் செய்திகளும் வராதபடி செய்துவிட்டேன். கோயில் ஊர்களில் உள்ளூர் விடுதிகளில் தங்குகிறோம். சென்ற ஆண்டு சேர்ந்த புள்ளிகளைக் கொடுத்து, பேத்தியின் பிறந்த நாளுக்குப் பெங்களூரில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கினோம்.

வருகிற மாதம் என் தங்கையைப் பார்க்கத் திருநெல்வேலிக்குச் செல்கிறேன். அவ்வூரில் எந்தத் தொடரின் விடுதி இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. மூன்று இரவுகள் அவள் வீட்டில் தங்குவதாகச் சொல்லியிருக்கிறேன்.